ஒல்லாந்தப் பாட்டனைத் தேடும் தம்பிக்கு



கொழும்புப் பறங்கிக் குடும்பம் ஒன்றுக்கு வம்சாவளி எழுதித்தர ஒப்புக்கொண்டு, அவர்களுடைய மூலபுருஷனான ஒல்லாந்தனைத் தேடப் புகுந்த நீ, 'யான் பீட்டர்ஸ்' என்ற ஒரே பெயரில் இத்தனை பேர் எதிர்ப்படுகிறார்களே என்று திகைத்து எழுதிய கடிதம் கிடைத்தது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து திரிகிற தமிழனாயிருந்தும் நீ இதில் ஏமாந்ததுதான் எனக்கு வேடிக்கை. 'பீட்டர்ஸ்' என்றால் பீட்டரின் மகன், அவ்வளவே. அவனுடைய மகன் 'யான்ஸ்' என்று எழுதப்பட்டிருப்பான். நெப்போலியன் ஆட்சியில் 1811ஆம் வருஷத்துக் கட்டளை பிறக்கும்வரை ஒல்லாந்து தேசத்துச் சாமானியர் பலருக்கு நிலைத்த குடும்பப் பெயரே கிடையாது. நானும் தொழில் தொடங்கிய காலத்தில் ஓர் ஊர்ப் பெயரைக் குலப்பெயரென்று நம்பி, ஒரு மழைக்காலம் முழுவதையும் யாரோ ஒருவனுடைய சந்ததியைத் துலக்குவதில் போக்கியவன்தான்.

ஆகையால் பெயரை விட்டுக் கணக்கைப் பிடி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனி கப்பலுக்கொன்றாக வைத்திருந்த சம்பளப் பேரேடுகளில் பெரும்பகுதி ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அவற்றில் ஒவ்வோர் ஆளுக்கும் தனிக் கணக்கு உண்டு: பிறந்த ஊர், ஏறிய கப்பல், உத்தியோகம், புறப்படுமுன் வாங்கிய முன்பணம், தங்க இடங்கொடுத்தவனுக்குப் பட்ட கடன், ஊரிலிருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ ஆண்டுதோறும் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்படி எழுதிவைத்த ஏற்பாடு, முடிவில் மரித்தானா, ஓடிப்போனானா, ஊர் திரும்பினானா என்ற விருத்தாந்தம். பணம் கைமாறுகிற இடமாதலால் குமாஸ்தாவுக்கு அங்கே புனைந்துரைக்க அவசியமில்லை. தங்கள் பாட்டன் கப்பல் தலைவனென்று சாதிக்காத குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. பேரேட்டைப் பிரித்தால் மாதம் 9 கில்டர் வாங்கிய சிப்பாய் நிற்பான், அவனும் பல சமயம் ஜெர்மானியனாயிருப்பான்.

இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட 1658 முதல் 1796 வரையுள்ள காலத்துக்குக் கொழும்பு உல்ஃபெண்டால் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகளும், 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்துச் சஞ்சிகையில் வந்த வம்சாவளிகளும் உனக்குத் துணை செய்யும். ஆனால் அச்சங்கம் அங்கத்துவத்துக்கே ஆண்வழியைத்தான் கேட்டது. ஆதலின் அந்த வம்சாவளிகளை மட்டும் நம்பினால் பாதிக் குடும்பம் இருட்டிலேயே கிடக்கும். கும்பெனிச் சிப்பாய்கள் மனைவியரை ஐரோப்பாவிலிருந்து அழைத்து வந்தது அபூர்வம், இங்கேயேதான் மணந்தார்கள். அப்பெண்களுள் சிலர் அடிமைகளாய் வந்தவர்கள். அடிமைக்குத் தகப்பன் பெயரை எழுதாமல், ஞானஸ்நானப் பெயரோடு 'வங்காளத்தின்', 'கரையின்' என்று வாங்கிய இடத்தை ஒட்டிவிடுவது கும்பெனியார் வழக்கம். 'கரை' என்றால் சோழமண்டலக் கரை, தம்பி. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது ஒல்லாந்தர் அக்கரையில் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் ஏற்றினார்கள்.

பீட்டரின் மகன் எந்த ஊரான் என்பது பிறகு ஆகட்டும். கோயிற் பதிவில் முதற் பிள்ளையின் ஞானஸ்நானக் குறிப்பை எடுத்து, தாயின் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறதென்று, எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல், அப்படியே பிரதி செய்து எனக்கு அனுப்பு.