படுக்கையறைக்குள் போகுமுன்

கண்ணு,

வீடுகளுக்கு அலங்கார வேலை செய்து கொடுக்கப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். முதல் வேலையே ஒரு படுக்கையறை என்றும் சொன்னான். கூடம் என்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 1986இல் ஈரோட்டில் ஒரே ஒரு தையல் மெஷினோடு தலையணை உறை தைக்கத் தொடங்கியவள் உன் அத்தை. பிறகு ஸ்கிரீன், மெத்தை உறை, கட்டில், பீரோ என்று வேலை வளர்ந்தது. முப்பத்தைந்து வருடம் பிறர் வீட்டுப் படுக்கையறைகளுக்குள் போய்வந்தேன். தெரிந்துகொண்டதில் பாதி, கெடுத்த பிறகு தெரிந்துகொண்டது. அந்தப் பாதியைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

1. நாடாவை எடுப்பதற்கு முன்னால் கேள். யார் படுப்பது, எந்தப் பக்கம் படுப்பது, ராத்திரியில் எழுந்து போவது யார், விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புவது யார், முழங்கால் வலி யாருக்கு. இதையெல்லாம் நான் கேட்காத காலம் ஒன்று இருந்தது. வயதான ஒரு தம்பதிக்கு, அப்போது புதிதாக வந்திருந்த தாழ்வான கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். மெத்தையோடு சேர்த்து ஒன்றேகால் அடி உயரம். பார்க்க அவ்வளவு அழகு. மூன்று மாதம் கழித்துப் போனால் அந்த அம்மா கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் கணவரை எழுப்ப மனமில்லாமல் நாற்காலிக்கு வந்துவிட்டார். “நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லலை சாமி” என்றார். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், முழங்கால் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு மெத்தையோடு 20 அங்குலத்தை ஒட்டி வரும். ஆனாலும் அந்த எண்ணை நம்பாதே. படுக்கப் போகிறவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எழச் சொல்லிப் பார்.

2. அளக்கும்போது கதவுகளையும் அள. குவீன் கட்டில் மெத்தை 60க்கு 78 அங்குலம், கிங் 72க்கு 78. இது எல்லோருக்கும் தெரியும். தலைப்பலகையோடு சேர்ந்தால் கட்டில் நீளம் ஏழு அடி ஆகிவிடும் என்பதைத்தான் மறந்துபோவோம். பத்தடி அறையில் கால்மாட்டுக்கு எதிரே பீரோ வைக்கச் சொன்னேன் ஒரு முறை. மிச்சம் மூன்றடி, பீரோவின் ஆழம் 20 அங்குலம் போக நின்றது 16 அங்குலம். பீரோ கதவோ 18 அங்குலம். இரண்டு அங்குலத்துக்காக அந்த வீட்டுப் பெண் ஒரு வருடம் கதவைப் பாதி திறந்து, கையை உள்ளே விட்டுத் துழாவிச் சேலை எடுத்தாள். கட்டில் அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் விரித்து, வீட்டுக்காரர்களை அதைச் சுற்றி நடக்கச் சொல். அரை மணி நேர வேலை.

3. பணத்தை முதுகுக்குக் கீழே போடு. பட்ஜெட் சொன்னதும் கட்டிலின் தலைப்பலகைக்கும் அலங்கார விளக்குக்கும் கை போகும். மெத்தைக்கும் தலையணைக்கும் ஒதுக்கிய பிறகு மிச்சத்தைப் பிரி. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் இலவம்பஞ்சு மெத்தை நம் வெயிலுக்கு நல்லது. ஆனால் அதை அடிக்கடி வெயிலில் போட வேண்டும், சில வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, பஞ்சை அடித்து நிரப்ப வேண்டும். மொட்டைமாடிக்கு மெத்தை தூக்க ஆளில்லாத வீட்டுக்கு அதை விற்காதே. கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பழகியவருக்குப் புதையும் ஃபோம் மெத்தையும் வேண்டாம்.

இதைச் சொல்லும்போது பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா சொல்லிக்கொடுத்த நெடுநல்வாடை நினைவுக்கு வரும். பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் எத்தனை வரியில் சொல்கிறார்! நாற்பது வயதான போர்யானையின் தந்தத்தில் செய்த வட்டக் கட்டில், மேலே அன்னத்தூவி. அதில் படுத்தவளுக்கோ தூக்கமில்லை. கணவன் பாசறையில் இருக்கிறான். நடுச்சாமத்தில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். தூக்கத்தை நம்மால் கொடுக்க முடியாது கண்ணு. அதைக் கெடுக்கும் சாமான்களை அறையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்த அடக்கம் உனக்குச் சீக்கிரம் வரட்டும். எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது.

4. துணியை நனைக்காமல் வெட்டாதே. பருத்தி சுருங்கும். எட்டு ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைத்துக் கொடுத்த வீட்டில், முதல் சலவையிலேயே அத்தனையும் நான்கு விரற்கடை மேலே ஏறிவிட்டது. தப்பு துணியுடையது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். என் அம்மா, உன் பாட்டி, ஒரு பார்வை பார்த்தாள். என் காசில் துணி வாங்கி எட்டையும் மறுபடி தைத்தேன். அந்த மாதம் வாடகை தள்ளிப்போனது. பிறகு அந்த வீட்டின் இரண்டு தலைமுறைக் கல்யாணத்துக்கும் நானே தைத்தேன்.

இன்னும் இரண்டு கணக்கு: ஸ்கிரீனுக்கு ஜன்னல் அகலத்தைப் போல இருமடங்குத் துணி எடு, இல்லையென்றால் மூடும்போது பலகை மாதிரி நிற்கும். விரிப்பு வாங்கும்போது மெத்தையின் தடிமனையும் கூட்டிக்கொள். எட்டு அங்குல மெத்தையில் 90க்கு 100 விரிப்பைப் போட்டால் நீளவாக்கில் ஓரம் செருக மூன்று அங்குலம்தான் மிஞ்சும். விடிவதற்குள் சுருண்டு வந்துவிடும். குவீனுக்கு 90க்கு 108 வாங்கு, கிங்குக்கு 108க்கு 108. நம் சென்னிமலைத் தறி விரிப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய் அல்லவா? முதலில் முரடாக இருக்கும். பத்துச் சலவைக்குப் பிறகு அதன் மென்மை வேறு.

5. நிறத்தைக் கடையில் முடிவு செய்யாதே. துண்டுத் துணி வாங்கிவந்து அந்த அறையிலேயே பகலில் ஒரு முறை, ராத்திரி விளக்கில் ஒரு முறை பார். படுக்கையறைக்கு 3000 கெல்வின் அளவில் மஞ்சள் கலந்த வெளிச்சம் போதும். 6500 போட்டால் ஆஸ்பத்திரி வார்டு போல முகம் வெளுக்கும், துணியின் நிறமும் மாறும்.

6. இது கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்.

அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளின் கதை தெரியாமல் அதை வெளியே தள்ளாதே. நம் ஊரில் படுக்கையறைச் சாமான் பாதி சீர்வரிசையாக வந்தது. கட்டில், மெத்தை, பீரோ, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் பெண்ணின் அப்பா கடன்பட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியவை. பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் அறை முழுவதும் வெள்ளையும் சந்தனமுமாகத் திட்டமிட்டேன். மூலையில் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று, கதவில் கண்ணாடி வைத்தது. “இது இருந்தால் அறையே எடுபடாது” என்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் உடனே தலையாட்டினார். பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துப்போனார்.

அதை எடுத்துப்போகுமுன் அவள் உள்ளே போய், கைப்பிடி இருந்த இடத்தில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை மட்டும் அவிழ்த்துவந்து டப்பாவில் வைத்ததைப் பார்த்தேன். அப்போதும் கேட்கவில்லை. கேட்டது அறை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான். அவள் அப்பா தறி ஓட்டியவர். இரண்டு வருடம் சீட்டுப் போட்டு வாங்கிய பீரோ. கல்யாணத்துக்கு மறுவருடமே இறந்துபோனார். “பரவாயில்லைங்க அக்கா, ரூம் நல்லா வந்திருக்கு” என்றாள். மறுநாள் அந்த இரும்புக் கடைக்கு ஓடினேன். உடைத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது.

நான் செய்ததில் திருப்பிக் கொடுக்க முடியாதது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பழைய சாமானுக்குப் பக்கத்தில் நின்று, “இது எப்போ வந்ததுங்க?” என்று கேட்பேன். பதில் நீண்டால் அது அறையில் இருக்கும். நான்கு வருடம் கழித்து வேறொரு வீட்டில் இதே மாதிரி ஒரு பச்சை பீரோ. அதன் பச்சையை எடுத்தே ஸ்கிரீனுக்குக் கரை வைத்தேன்; கால்மாட்டில் விரிக்க அதே பச்சைக் கோடு போட்ட பவானி ஜமக்காளம் வாங்கினேன். நான் செய்ததிலேயே நல்ல அறை அதுதான்.

7. பார்த்ததை வாசலோடு விட்டுவிட்டு வா. படுக்கையறைக்குள் போகிறவளுக்கு மருந்து அட்டை கண்ணில் படும், சுவரோரம் சுருட்டி வைத்த தனிப் பாய் படும். ஒரு நடுவயதுத் தம்பதி இரண்டு ஒற்றைக் கட்டில் கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. கணவருக்கு ஒரு நோய். ராத்திரி முழுவதும் உடம்பு தூக்கிப்போடும். பக்கத்தில் படுத்தால் அவள் தூக்கம் கெடுகிறதே என்று அவர் வருந்தினார்; வேறு அறைக்குப் போக அவள் சம்மதிக்கவில்லை. 36 அங்குல ஒற்றைக் கட்டில் இரண்டை ஒட்டிப் போட்டு, பின்னால் ஒரே தலைப்பலகை அடித்துக் கொடுத்தேன். ஒருவர் புரண்டால் மற்றவர் மெத்தை அசையாது. கை நீட்டினால் கை எட்டும். இந்த யோசனைக்கு அவர்கள் நன்றி சொன்னார்கள். முதலில் சிரித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

8. கடைக்காரர் தரும் கமிஷனைத் தொடாதே. வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தேக்கு என்று நான் உறுதி சொல்லிக் கொடுத்த கட்டிலுக்கு அடியில் ஒரே வருடத்தில் மாவு மாவாகக் கொட்டியது. தேக்கேதான், ஆனால் சட்டங்களில் பாதி வெள்ளைக் கட்டை, மரத்தின் வெளிப்பாகம். வைரம் பாய்ந்த நடுக்கட்டையை உளு சுலபத்தில் தொடாது, வெளிக்கட்டையைத் தின்றுவிடும். பாலிஷ் போடுவதற்கு முன் கட்டிலைப் பார்த்திருந்தால் வெளுப்பு தெரிந்திருக்கும். கமிஷன் வாங்கிய கை சட்டத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தேக்குக்குப் பணமில்லாதவரிடம் வேம்பைச் சொல், நல்ல பிளைவுட்டைச் சொல். எதுவென்று வாயால் சொல்லிவிட்டு விற்றால் எல்லாமே நல்ல மரம்.

9. சின்னச் சாமான் குறைவாக இருக்கட்டும். ஐந்து அலங்காரத் தலையணை வைத்தால் ராத்திரி ஐந்தையும் தரையில் இறக்கி, காலையில் ஐந்தையும் ஏற்ற வேண்டும். அந்த வேலை வீட்டில் யார் தலையில் விழும் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பதில் தலைமாட்டில் சொம்புத் தண்ணீருக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இடம் வை. படுத்தபடி விளக்கை அணைக்க டூவே சுவிட்ச் போடச் சொல். சட்டை மாட்ட இரண்டு கொக்கி. கட்டிலுக்கு அடியில் ஒரு பத்தமடைப் பாய்க்கும் இடம் விடு. சித்திரை வெயிலில் எவ்வளவு நல்ல கட்டில் இருந்தாலும் நம்மவர்கள் தரைக்குத்தான் இறங்குவார்கள்.

10. ஆறு மாதம் கழித்து ஒரு முறை போ. பணம் வாங்க ஒன்றும் இருக்காது, சும்மா போ. நீ கிழக்கே வைத்த மேசை தெற்கே போயிருக்கும். மேற்கு ஜன்னலில் நீ மாட்டிய மெல்லிய ஸ்கிரீனுக்கு மேல் பழைய போர்வை தொங்கும். பார்த்து மனம் சுருங்காதே, நீ வைத்தபடி திருப்பியும் வைக்காதே. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள். என் நோட்டுகள் பதினேழும் மேல் அலமாரியில் இருக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ.