கோடைக் கல்விப் பயணம்
(அயல்நாட்டில் வளரும் இளையோர்க்கு ஒரு பாடத்திட்டம்)



அயல்நாடுகளில் குடியேறிய சமணப் பெருமக்கள் தம் மரபினைக் காக்க அரும்பாடுபட்டுள்ளனர். வட அமெரிக்கச் சமண சங்கங்கள் 1981இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1988இல் ஜினாலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. ஆங்காங்கே சிறுவர் பாடசாலைகளும் நடைபெறுகின்றன.

ஆயினும் பதினைந்து, பதினாறு அகவையில் பிள்ளைகள் எழுப்பும் வினாக்கள் வேறு. “இவை உண்மையில் நிகழ்ந்தனவா? இவற்றால் இன்று எனக்கு என்ன பயன்?” என்று அவர்கள் கேட்கின்றனர். இவ்வினாக்களை அடக்கிவிட்டால், கல்லூரி புகுமுன்பே தொடர்பு அறுந்துவிடும். மரபின் சான்றுகளைக் கண்ணாரக் கண்டு, ஆராய்ந்து, தாமே தெளியச் செய்வதே நல்வழி. பல்கலைக்கழக மாணவர்க்கென 2005இல் இந்தியாவில் சமணக் கல்விக் கோடைப்பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. பள்ளிப் பருவத்தினரைக் குடும்பத்தாரே அழைத்துச் செல்ல உதவும் நான்கு வாரத் திட்டம் ஒன்றினை இங்குக் காண்போம்.

1. காலமும் ஆயத்தமும்

அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை நமக்கு மழைக்காலத் தொடக்கமாகும். ஆடி மாதத்தையொட்டிச் சாதுர்மாசம் தொடங்குகிறது. மழைக்காலத்தில் பெருகும் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் துறவியர் நடைப்பயணம் நிறுத்தி, நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குவர். ஆதலின் ஜூலை மாதத்தில் வருவோர் அவர்களை ஓரிடத்தே அடைந்து பாடம் கேட்க இயலும்.

புறப்படுமுன் மாணவர் கற்க வேண்டியவை மூன்று: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளின் பொருள், ஐந்து அணுவிரதங்கள், தீர்த்தங்கரர் உருவங்களை இலாஞ்சனத்தால் அறியும் முறை. இரவுண்ணாமை நோன்பைப் பயணத்தின்போது கடைப்பிடித்தல் நலம். ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் கதிரவன் மறைய இரவு எட்டரை மணியாகும். தமிழகத்திலோ ஆறரை மணியளவிலேயே மறைந்துவிடும். அதற்கேற்ப உணவு நேரத்தை மாற்றிக்கொள்வதே முதற்பயிற்சி ஆகும்.

2. முதல் வாரம்: சிரவணபெளகொளா

கங்க மன்னனின் அமைச்சர் சாமுண்டராயர் 981ஆம் ஆண்டளவில் எழுப்பிய கோமடேசுவரர் திருவுருவம் ஏறத்தாழ 57 அடி உயரமுடையது. விந்தியகிரியின் 600க்கு மேற்பட்ட படிகளை வெறுங்காலுடன் ஏறவேண்டும். நண்பகலில் பாறை சுடுமாதலின் விடியற்காலையில் ஏறுதல் நன்று.

பரதனும் பாகுபலியும் போருக்கு எழுந்தபோது, படைகள் மடியாதிருக்க இருவர் மட்டுமே பொருதனர் என்பது வரலாறு. பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற அக்கணமே நாட்டைத் துறந்தார். காலில் கொடி படரத் தவம் நின்ற அவ்வுருவத்தின் முன், “வென்றவன் ஏன் விட்டுக்கொடுத்தான்?” என்று மாணவரைச் சிந்திக்கச் செய்க. போட்டியே வாழ்வெனக் கற்பிக்கும் உலகில் இதனினும் சிறந்த பாடம் இல்லை. திருவடிகளின் அருகே கன்னடம், மராத்தி மொழிகளோடு தமிழிலும் கல்வெட்டு உள்ளது என்பதையும் காட்டுக.

எதிரிலுள்ள சந்திரகிரியில் பத்திரபாகு முனிவரும் சந்திரகுப்த மௌரியரும் தவமியற்றினர் என்பது மரபு. பத்திரபாகுவின் வருகையைக் கூறும் அங்குள்ள பழைய கல்வெட்டோ ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்தது. இரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள. இதனை மாணவரிடம் மறைத்தல் கூடாது. மரபு இது, கல்வெட்டுச் சான்று இது எனப் பகுத்துரைப்பதே நல்ஞானத்திற்கு அழகு.

3. இரண்டாம் வாரம்: மூடபித்ரி

இங்குள்ள ஆயிரங்கால் பஸதி 1430இல் கட்டப்பெற்றது. அதனினும் பெரிய செல்வம் ஓலைச்சுவடிகளே. புஷ்பதந்தர், பூதபலி ஆகியோர் இயற்றிய ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனர் வரைந்த தவளா உரை, இவ்வூரில்தான் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டது. ஹீராலால் ஜைன் பதிப்பித்த முதற்பகுதி 1939இல் அச்சேறியது. ஓலையைக் காத்தவர், படியெடுத்தவர், பதிப்பித்தவர் ஆகிய பலர் உழைப்பால் ஒரு நூல் நம் கைக்கு வருகிறது என்பதை மாணவர் உணர்வர்.

4. மூன்றாம், நான்காம் வாரங்கள்: தமிழகம்

சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் துறவியர் பயன்படுத்திய கற்படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்தையும் காணலாம். குடைவரையில் தாமரைக்குளத்தின் ஓவியம் உள்ளது. செஞ்சியருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள. சந்திரகிரியில் கண்ட சல்லேகனைக் கல்வெட்டுகளோடு இதனை ஒப்பிடச் செய்க.

கழுகுமலையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஆண் ஆசிரியர்களுடன் குரத்தியர் எனப்பெற்ற பெண் ஆசிரியர்களையும் குறிக்கின்றன. பயணம் செய்யும் பெண்பிள்ளைகள் இதனைத் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்களாக. திருப்பருத்திக்குன்றத்தில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய மண்டபத்தையும், பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளையும் கண்டு, மேல்சித்தாமூர் மடத்தில் பயணத்தை நிறைவு செய்யலாம். இடையே ஓரிரு நாள் சமணக் குடும்பம் ஒன்றில் தங்குதல் இன்றியமையாதது. நீர் வடிகட்டும் துணியும் அந்திக்கு முன் மூடப்படும் அடுப்பும் நூல்கள் கூறாதவற்றையும் கற்பிக்கும்.

5. ஒழுகும் முறை

பாறையில் பெயர் கீறுதலும், ஓவியத்தைத் தொடுதலும் அறவே கூடாது. சுற்றுலா வந்தோர் கீறிய பெயர்களால் சிதைந்த குகைகள் பல உள. காண்பதனினும் காப்பதே கடமை. நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுக; அதில் கண்டது, கேட்டது, ஐயுற்றது என மூன்று பிரிவுகள் இருத்தல் வேண்டும். ஐயம் எழுதாத மாணவர் பார்த்தவரே அன்றிக் கற்றவர் ஆகார்.

ஊர் திரும்பியதும் தம் பாடசாலைச் சிறுவர்க்கு ஒரு வகுப்பேனும் நடத்துதல் வேண்டும். அப்போதுதான் பயணம் கல்வியாகும்.

பயிற்சி வினாக்கள்
1. சாதுர்மாசத்தில் துறவியர் ஓரிடத்தில் தங்குவதன் காரணம் யாது?
2. சந்திரகிரி பற்றிய மரபையும் கல்வெட்டுச் சான்றையும் வேறுபடுத்துக.
3. கழுகுமலைக் கல்வெட்டுகளால் பெண்கல்வி பற்றி அறியப்படுவது என்ன?
4. பாகுபலியின் துறவு உம் பள்ளி வாழ்விற்கு எவ்வாறு பொருந்தும்?

அறம் வளர்க!