சுண்ணாம்பும் கண்ணும்

சிட்லபாக்கத்தை அடுத்துள்ள குரோம்பேட்டை, தன் பெயரை ஒரு தோல் தொழிற்சாலையிடமிருந்து பெற்றது என்பதை மாணவர் பலர் அறியார். குரோமிய உப்பினால் தோலைப் பதனிட்ட 'குரோம் லெதர்' நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு இயங்கியது. ஊர்ப்பெயர் அதனின்று பிறந்தது. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளிலும் இத்தொழில் வேரூன்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறிட்டதும் இதுவே. எனவே, அங்கு உழைப்போரின் கண்களைப் பற்றி எண்ணுதல் நமக்கும் உரியதாகும்.

ஊறவைத்த தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. பின்னர்க் கந்தக அமிலமும் உப்பும். அதன் பின்னரே குரோமியம். இவற்றுள் கண்ணுக்குப் பெரும்பகை எது? அமிலம் என்றே பலரும் விடை கூறுவர். ஆயின் அமிலம் படும்போது விழிப்படலத்தின் புரதம் உறைந்து, மேலும் உட்செல்வதைப் பெரும்பாலும் ஓரளவு தடுக்கிறது. காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டேயிருக்கும். கருவிழியின் விளிம்பிலுள்ள மூல உயிரணுக்கள் அழிந்துவிட்டால், பிறர் ஈந்த கண்ணைப் பொருத்தினாலும் தெளிவு நிலைப்பது அரிது.

வெற்றிலையில் தடவியும் சுவரில் பூசியும் பழகிய சுண்ணாம்பை எவர் அஞ்சுவர்? 'காரம்' என்னும் சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. மிளகாயின் உறைப்பையும் அச்சொல்லே குறிப்பதால், வேதியியலார் கூறும் காரத்தின் கொடுமை மனத்தில் தைப்பதில்லை. சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடிக் கண்ணிழந்த சிறார் நம் நாட்டில் உண்டு.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, தெறிக்கும் துகளுக்கும் மிகை ஒளிக்கும் எதிராகக் கண்காப்பு வழங்க விதி செய்யலாம் என்றது. தெறிக்கும் நீர்மத்தைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. கண்ணாடி வியர்வையால் மங்குகிறதென்று கழற்றி வைப்பவரைக் கடிந்தும் பயனில்லை. பக்கங்கள் மூடியதாய், எளிதில் மங்காததாய் அமைந்த கண்ணாடியை வாங்கித் தருதல் முதலாளியின் பொறுப்பு.

சுண்ணாம்பு பட்ட கண்ணைக் கசக்கலாகாது. தாய்ப்பாலோ எண்ணெயோ எலுமிச்சைச் சாறோ விடலாகாது. இமைகளை விரித்து, தூய நீரை அரைமணி நேரமேனும் இடையறாது ஊற்ற வேண்டும். மேலிமையின் அடியில் ஒளிந்திருக்கும் துணுக்கையும் அகற்றுதல் வேண்டும். 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு இங்கிருந்து மின்தொடர்வண்டியிலேயே செல்லலாம். ஆனால் கழுவாமல் வண்டியேறியவரின் கண்ணைக் காரம் வழிநெடுகத் தின்றுகொண்டே வரும்.