அவார் புதைகுழிகளில் அங்கவடி: தொல்பொருட் சான்றும் நூற்சான்றும்

கி.பி. 568இல், இன்றைய ஹங்கேரியை உள்ளடக்கிய கார்பேத்தியப் படுகையில் குடியேறிய அவார் நாடோடிகள், போர்வீரர் சிலரைக் குதிரையுடன் புதைத்தனர். அக்குழிகளில் வாள், ஈட்டிமுனை, மூவிதழ் அம்புமுனை, கடிவாளம், இரும்பு அங்கவடி ஆகியன கிடைத்துள்ளன. வில்லின் மரமும் சேணத்தின் தோலும் மட்கிப்போக, வில்லில் ஒட்டப்பெற்ற எலும்புத் தகடுகளும் இரும்புப் பொருள்களுமே எஞ்சின.

ஏறத்தாழக் கி.பி. 600இல் எழுந்த 'ஸ்திராத்தேகிகோன்' என்னும் பைசாந்தியப் போர்நூல், குதிரைவீரர்க்கு அவார் வகை ஈட்டியையும் சேணத்திற்கு இரும்பு அங்கவடி இரண்டையும் விதிக்கிறது. ஈட்டியின் மூலத்தைச் சுட்டும் அந்நூல் அங்கவடியின் மூலத்தைச் சுட்டவில்லை. ஐரோப்பாவின் மிகப் பழைய இரும்பு அங்கவடிகள் தொடக்ககால அவார் புதைகுழிகளிலேயே மிகுதியாகக் கிடைப்பதால், பைசாந்தியர் அதனையும் அவாரிடமிருந்தே பெற்றனர் எனக் கருத இடமுண்டு. நூல் கூறாது விட்டதை ஈண்டுப் புதைகுழிச் சான்று நிரப்புகிறது.