கயிறு பிடித்தவரின் காது

தூத்துக்குடி
மார்கழி 10

அன்பு மருமகனுக்கு,

ஜனவரியில் புளூஸ் கித்தார்க்காரர் பட்டி கய் வாசிப்பதைக் கேட்க டிக்கெட் எடுத்துவிட்டாயாமே! அதுவும் சிகாகோவில், 1989-ல் அவரே திறந்த லெஜண்ட்ஸ் கிளப்பில். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

2011-ல் மும்பை மெஹபூப் ஸ்டுடியோவில் மகிந்திரா புளூஸ் விழா முதல்முதலாக நடந்தபோது நானும் அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? பாதி நேரம் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்கு வந்து போட்டுப் பார்த்தால் முன்னால் நின்றவர்களின் பின்மண்டையும் இரைச்சலும்தான். கோட்டித்தனம். நீ போனைப் பைக்குள் வைத்துவிடு.

விரல் வேகத்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டே இருக்காதே. உச்சத்தில் அலறவிட்ட கித்தாரை அந்த மனுசர் திடீரென்று அடக்குவார், கம்பியைத் தொட்டாரா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. பெரிய கூட்டத்தில் அது காற்றோடு போய்விடும். சின்ன இடத்துக்குப் போவதே அதற்குத்தான்.

உன் தாத்தா முத்துக்குளித்தவர். 1961-ஓடு நம் கடலில் அது நின்றுபோனது. அவர் கல்லோடு இறங்கினால் மேலே கயிறு பிடிப்பது உன் பாட்டியின் அண்ணன். வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். தங்கச்சி தாலி அவர் கையில்தானே! வள்ளத்தில் மற்றவர்கள் வெற்றிலை போட்டு ஊர்க்கதை பேசுவார்களாம். அவர் மட்டும் வாய் திறக்கமாட்டார். கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் தெரிந்தாகவேண்டும். சத்தம் அடங்குகிற அந்த இடத்தில் நீயும் அப்படி இரு.

தாத்தாவுக்குக் காருகுறிச்சி அருணாசலம் என்றால் உயிர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தல்காலை ஒட்டி உட்கார்ந்து அவர் நாகசுரத்தைக் கேட்டாராம். 1962-ல் அருணாசலம் வாசித்த 'கொஞ்சும் சலங்கை' படம் வந்தது. ஊரே கொண்டாடியது. இவர் மட்டும், "மூச்சு இழுக்கிறது கேக்கலயே" என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார். சினிமாவுக்கு அது அநியாயமான குறைதான். ஆனால் அவர் எதைக் கேட்டுப் பழகியிருந்தார் என்று பார்.

பட்டி கய் புள்ளி போட்ட கித்தாரோடு வந்தால் சிரித்துவிடாதே. லூசியானாவில் பருத்தி எடுத்த குடும்பம். 1957-ல் சிகாகோவுக்குக் கிளம்பும்போது, சம்பாதித்துப் புள்ளி போட்ட காடிலாக் காரில் திரும்பி வருவேன் என்று அம்மாவிடம் ஒரு பொய் சொன்னாராம். அந்த அம்மா 1968-ல் இறந்துபோனார். அந்தப் புள்ளிகள் அந்த நினைவுக்கு. நீ ரயிலேறும்போது என் தங்கச்சியிடம் என்னென்ன சொன்னாய் என்று எனக்கும் தெரியும்.

சீக்கிரமே போய்விடு. மேடையைப் பார்த்து உனக்கு வலப்பக்கமாக இடம் பிடித்தால் அவர் இடதுகை கம்பியைத் தள்ளி வளைப்பது நன்றாகத் தெரியும். முதலில் வாசிக்க வருகிற பையன்களையும் பேசாமல் கேள். இவரும் அப்படி நின்றவர்தான். இந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்று கத்தாதே.

உன் அம்மா மக்ரூன் அனுப்பியிருக்கிறாள், நொறுங்காமல் வந்தால் உன் அதிர்ஷ்டம். வீடியோ எதுவும் எனக்கு வேண்டாம். கடிதம் எழுது, அவர் சத்தத்தை இறக்கியபோது பக்கத்து மேசைக்காரர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது உட்பட.

அன்புடன்,
மாமா