மிகை விசையை வெட்டும் கருவியும் சாலையின் பிடிப்பும்

விசைமிக்க ஸ்போர்ட்ஸ் காரில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எனப்படும் இழுவைக் கட்டுப்பாடு இருந்துவிட்டால், மழையில் நனைந்த சாலையிலும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கலாம், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை கார் பிரியர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கருவி மிகத் திறமையாகவே வேலை செய்கிறது. ஆனால் அது செய்யும் வேலை வேறு. டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்கிற பிடிப்பை மீறி எஞ்சின் அனுப்பும் மிகை விசையை அது வெட்டிக் குறைக்கிறதே தவிர, பிடிப்பைத் துளியும் கூட்டுவதில்லை. மேற்கே தொப்பூர் கணவாயும் தெற்கே சேர்வராயன் மலையும் அமைந்த, தர்மபுரி மாவட்டத்தின் பொம்மிடி வட்டாரத்தில், இந்த வேறுபாட்டை அறியாமல் அத்தகைய காரை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மிகை என்பது எவ்வளவு என்று பார்ப்பது பயன்தரும். 1,500 கிலோ எடையுள்ள பின்சக்கர இயக்கக் கார் ஒன்றில், 900 கிலோ பின்சக்கரங்களின் மேல் அழுந்துவதாகக் கொள்வோம். அழுந்தும் எடையில் எவ்வளவு பங்கு இழுவையாக மாற முடியும் என்பதைக் காட்டும் எண்ணே உராய்வுக் கெழு. நனைந்த தார்ச்சாலையில் அதை 0.5 எனக் கொண்டால், அந்தச் சக்கரங்கள் சறுக்காமல் தரக்கூடிய இழுவை ஏறக்குறைய 450 கிலோ எடைக்கு ஈடானது. எஞ்சினோ 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை முதல் கியரில் 12 மடங்காகப் பெருக்கினால், 34 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 2,100 கிலோவுக்கும் மேற்பட்ட விசை வந்து சேர்கிறது. சாலை ஏற்றுக்கொள்ளக்கூடியதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான இந்த விசையைச் சில நூறில் ஒரு பங்கு நொடிகளுக்குள் அளந்து குறைப்பது எந்த மனிதக் காலாலும் ஆகாத காரியம்; கருவியின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

அதன் இயக்கம் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிடுவதில் தொடங்குகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள உணரி சுழல் வேகத்தை அனுப்பிக்கொண்டே இருக்க, எஞ்சினால் இயக்கப்படும் சக்கரங்கள் மற்றவற்றைவிட வரம்பு மீறி வேகமாகச் சுழல்வதைக் கணினி கண்டுகொண்டவுடன், முதலில் தீப்பொறி விழும் தருணத்தைப் பின்தள்ளுகிறது அல்லது சில சிலிண்டர்களுக்கு எரிபொருளை நிறுத்துகிறது. காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டிலையும் மூடுகிறது. தேவைப்பட்டால் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. திராட்டில் மூடிய பிறகும் குழாயில் மிஞ்சிய காற்று எரிந்து தீரவேண்டும் என்பதால், தீப்பொறியைப் பின்தள்ளுவதே விரைவான வழி. எப்படியாயினும் சறுக்கல் தொடங்கிய பிறகே பெரும்பாலும் கருவி விழித்துக்கொள்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதே சிக்கலின் பெரிய வடிவத்தைப் பொம்மிடி மக்கள் அன்றாடம் தங்கள் ரயில் பாதையிலேயே பார்க்கலாம். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் தடம் பொம்மிடியைக் கடந்ததும் லோகூர், டேனிஷ்பேட்டை மலைப்பகுதிக்குள் புகுகிறது. இத்தடத்தில் ஓடும் டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்சார எஞ்சின் 123 டன் எடையும் 6,000 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட ஆற்றலும் உடையது; அதன் ஆறு அச்சுகளும் இழுக்கின்றன. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது பிடிப்பு இயல்பாகவே குறைவு, தூறல் விழுந்தால் இன்னும் குறைவு. சக்கரம் சறுக்கினால் மின்னணுக் கட்டுப்பாடு மோட்டாரின் முறுக்கு விசையை உடனே குறைக்கிறது. ஆனால் குறைத்தால் மட்டும் வண்டி ஏறிவிடாது என்பதால், சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தை ஒட்டி நீளும் சிறு குழாய் வழியே லோகோ பைலட் மணலைத் தூவுகிறார். பிடிப்பைக் கூட்டுவது அந்த மணல், கணினி கூட்டுவதில்லை. காரிடம் மணல் தொட்டி கிடையாது. அதன் பிடிப்பு முழுவதும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுக்குத் தரையைத் தொடும் நான்கு டயர்த் திட்டுகளிடமே இருக்கிறது.

வளைவில் வேகமாகப் புகுந்தாலும் கருவி காரைப் பிடித்து நிறுத்தும் என்பது மிக ஆபத்தான நம்பிக்கை. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தகைய ஒரு வளைவின் ஆரம் 15 மீட்டர் என்றால், மேற்சொன்ன ஈர உராய்வில் மணிக்கு 31 கி.மீ. வேகத்துக்கு மேல் எந்தக் காராலும், அதன் விலை எத்தனை கோடியானாலும், அந்தக் கோட்டில் திரும்ப இயலாது. இழுவைக் கட்டுப்பாடு எஞ்சின் விசையை மட்டுமே ஆள்கிறது. வளைவுக்குள் கொண்டுவந்த வேகத்தை ஆள்வதில்லை. இஎஸ்சி எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு தனிச் சக்கரங்களுக்கு பிரேக் போட்டு, சுழலத் தொடங்கும் காரை நேராக்க முயலும். அதுவும் அதே உராய்வுக்குள்தான். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். மூன்றும் ஒரே உணரிகளைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றென எண்ணப்படுகின்றன. ஆனால் மின்னணு ஏபிஎஸ் 1978இலும் நிலைப்புக் கட்டுப்பாடு 1995இலும் பாஷ் நிறுவனத்தின் வழியாக மெர்சிடிஸ் கார்களில் தனித்தனியே வந்தவை.

இறக்கத்தில் இழுவைக் கட்டுப்பாட்டுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. தொப்பூர் இறக்கத்தில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் மற்ற வாகனங்கள் மீது மோதி உயிர்கள் பறிபோயின. அத்தகைய சரிவில் காப்பது குறைந்த கியரும், சூடேறிச் செயலிழக்காத பிரேக்கும், முன்செல்லும் வண்டியோடு விடும் இடைவெளியும் ஆகும். நியூட்ரலில் உருட்டுவது இம்மூன்றில் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதையும் பாழாக்குகிறது.

தேர்ந்த ஓட்டுநருக்கு இக்கருவி தடை, அணைத்துவிட்டால் கார் வேகமாகும் என்ற எதிர்த்திசை நம்பிக்கையும் உண்டு. ஃபார்முலா 1 பந்தயத்தில் இது 1994இல் தடைசெய்யப்பட்டு, 2001இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2008இல் மறுபடி தடைசெய்யப்பட்டது. வேகத்தைக் குறைக்கும் கருவியைத் தடைசெய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. ஓட்டுநரின் வலது காலுக்கு உரிய வேலையை அது எடுத்துக்கொண்டதே தடைக்குக் காரணம். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது கருவிக்கு அனுமதி இருந்தது. 2011, 2012 ஆண்டுகளில் ஹெச்ஆர்டி அணிக்கு ஓட்டியபோதும், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் அதே அணியில் ஓட்டியபோதும் அனுமதி இல்லை. இன்றைய உயர்விசைக் கார்களில் தலையீட்டின் அளவைப் படிப்படியாக மாற்றிக்கொள்ள முடிகிறது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் 9 படிகள் உண்டு. உலர்ந்த சாலையில் டயர் சற்றே, பத்து விழுக்காட்டை ஒட்டிச் சறுக்கும்போதுதான் மிகுந்த இழுவை கிடைக்கிறது என்பதால், பந்தயத் தடத்தில் அந்தச் சிறு சறுக்கலை அனுமதிப்பது நியாயமானது. பொதுச்சாலையில் அதற்கு இடமில்லை.

அணைப்பது சரியான இடம் ஒன்று இருக்கிறது. புழுதி மண்ணிலோ சேற்றிலோ கார் புதைந்துவிட்டால், சக்கரம் சுழலும்போதெல்லாம் கருவி விசையை வெட்டுவதால் கார் அசையாமல் நின்றுவிடும்; அப்போது சிறிது நேரம் அணைத்து, மெதுவாக வெளியேறி, கெட்டியான தரைக்கு வந்ததும் மீண்டும் இயக்கிக்கொள்ள வேண்டும்.

இக்கருவி கோடீஸ்வரர்களின் கார்களுக்கு மட்டும் உரியதென்பதும் பழைய எண்ணமாகிவிட்டது. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்டிஆர் 310 பைக்கில், வண்டி சாயும் கோணத்தை அளந்து வளைவிலும் செயல்படும் இழுவைக் கட்டுப்பாடு கிடைக்கிறது.

காரோ பைக்கோ, இக்கருவி டயரை நம்பியே கணக்கிடுகிறது. ஒரு பக்கம் தேய்ந்த டயரும் மறுபக்கம் புதிய டயரும், அல்லது தயாரிப்பாளர் குறிப்பிடாத அளவு டயரும் மாட்டப்பட்டால், சுற்றளவு மாறுபட்டுச் சக்கர வேகங்களின் ஒப்பீடே பிழையாகிவிடும். கார் டயருக்கான தேய்மான வரம்பான 1.6 மி.மீ. பள்ள ஆழத்தை எட்டும்வரை காத்திராமல், பருவமழைக்கு முன்பே டயரை மாற்றிவிடுவது, எந்தக் கணினியாலும் தரமுடியாத பிடிப்பை நேரடியாகவே தருகிறது.