ஓடுவது வேறு, உறுதியாக ஓடுவது வேறு

நம் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டரைத் தாங்களே அசெம்பிள் செய்கிறார்கள். ராம் வேகத்தைக் கூட்டிவிட்டு, "ஓடுகிறதே அப்பா!" என்கிறார்கள். ஓடினால் மட்டும் போதாது.

ராமில் எழுதுவதும் படிப்பதும் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் வேலை. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில், இரண்டு டிடிஆர்5 ராம்களுக்கு ஏஎம்டி குறித்த உச்ச வேகம் 5200. அதாவது நொடிக்கு 520 கோடி பரிமாற்றம். பயாஸில் எக்ஸ்போவை இயக்கிப் பலர் 6000 பெறுகிறார்கள். அதுவும் ஓவர்கிளாக்கிங்தான்.

ரயில்வேயில் பாதையைப் புதுப்பித்ததும் முழு வேகம் தரமாட்டோம். 20 கிலோமீட்டர், 45 என்று படிப்படியாகத்தான் ஏற்றுவோம். இங்கும் அப்படியே செய்யுங்கள். முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். 5200இல் மெம்டெஸ்ட்86 சோதனையின் நான்கு சுற்றையும் ஓட்டுங்கள். தேறினால் 5600, பிறகு 6000. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறங்குங்கள். குளிர்காலத்தில் தேறியதை மே மாத மதியத்தில் மீண்டும் சோதியுங்கள்.

பிழையைப் போக்க, கன்ட்ரோலருக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 2023இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகிய பின், ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என வரம்பு வைத்தது.

மெமரிப் பிழை எப்போதும் கம்ப்யூட்டரை நிறுத்தாது. ஊர்க் கல்யாணப் படங்களைக் காப்பி செய்கையில் ஒரு பிட் மாறினால் அப்போது தெரியாது. மாதங்கள் கழித்துப் படம் திறக்காதபோதுதான் தெரியும். ஆகவே வேகம் கூட்டுமுன் படங்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.